உறைபனியை எதிர்நோக்கும் கரை

1619ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். வடமேற்குக் கடல்வழியே ஆசியாவை அடையும் பாதையைத் தேடிவரும்படி டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியான் அனுப்பிய இரு கப்பல்கள், ஹட்ஸன் விரிகுடாவின் மேற்குக் கரையில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் வந்து ஒதுங்கின. தலைவர் பெயர் யென்ஸ் முங்க். கரையேறிச் சில நாள்களே ஆகியிருந்த ஒரு காலைப்பொழுதில், நீரோரம் கிடந்த வெண் திமிங்கலத்தின் இறைச்சியைத் தின்ன ஒரு பெரிய வெண்கரடி வந்தது. முங்க் அதைச் சுட்டு வீழ்த்தினார். மாலுமிகள் அதன் இறைச்சிக்கு ஆசைப்பட்டனர். அதை இலேசாக வேகவைத்து, ஓரிரவு காடியில் ஊறப்போட்டு உண்டார்கள். சுவை நன்றாகவே இருந்தது என்று முங்க் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அதன் பின்னர் குளிர்காலம் வந்தது. ஒருவர் பின் ஒருவராக அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1620 ஜூன் மாதத்தில் எஞ்சியிருந்தவர்கள் முங்கையும் சேர்த்து மூவர் மட்டுமே. அந்த மூவரும் சிறிய கப்பலைச் செலுத்தி நார்வேக்குத் திரும்பிச் சேர்ந்தது கடலோடிகளின் வரலாற்றில் வியக்கத்தக்க நிகழ்ச்சிகளுள் ஒன்று. மாண்டவர்களைக் கொன்றது ஸ்கர்வி நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சரியாக வேகாத கரடி இறைச்சியில் இருந்த நுண்புழுக்களும் காரணமாக இருந்திருக்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டில் சிலர் எழுதினர். எது மெய்யாயினும், சர்ச்சில் என்று இன்று வழங்கும் அந்த ஊரின் எழுத்து வரலாறு, பசித்து வந்த ஒரு கரடியோடும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்களோடும் தொடங்குகிறது.

இன்று ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் அதே கரைக்கு வருகிறார்கள். கையில் துப்பாக்கி இல்லை, ஒளிப்படக் கருவி இருக்கிறது. கனடாவின் மனிடோபா மாநிலத்தில், 900 பேர்கூட வசிக்காத இச்சிற்றூர் ‘உலகின் வெண்கரடித் தலைநகர்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. நாம் அந்த ஊருக்குப் போனவர் அல்லோம். நூல்களின் வழியாக அறிந்தவர் மட்டுமே. ஆயினும் இந்தப் ‘பார்த்தல்’ எப்படி உருவாயிற்று, பார்க்கப்படுவது உண்மையில் என்ன என்னும் இரு கேள்விகள் நம்மை விடாமல் தொடர்ந்தமையால் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

கரடியை ஊருக்குக் கொண்டுவந்த காலம்

வடதுருவத்தை ஒட்டி வாழ்ந்த மக்களுக்கு இவ்விலங்கு ஒருநாளும் வேடிக்கைப் பொருளாக இருந்ததில்லை. இனூயிட் மக்கள் ‘நானுக்’ என்றும், கிரீ மக்கள் ‘வாப்பஸ்க்’ என்றும் இதை அழைக்கின்றனர். பின்னதற்கு வெண்கரடி என்பதே பொருள். அவர்கள் இதை வேட்டையாடினார்கள். இதனால் வேட்டையாடவும் பட்டார்கள். கொன்ற கரடியின் ஆவியை மதிப்போடு வழியனுப்பும் சடங்குகள் இனூயிட் மரபில் உண்டு. எதிரே நிற்பது தன்னைப் போலவே கடல்நாயை நம்பிப் பிழைக்கும் இன்னொரு வேட்டுவன் என்னும் உணர்வு அச்சடங்குகளின் அடியில் இருக்கிறது.

ஐரோப்பாவின் கதை வேறு. அங்கே வெண்கரடி, அரசர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட அரும்பொருள். 1252ஆம் ஆண்டில் நார்வே மன்னர் ஹாக்கோன் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு வெண்கரடியைப் பரிசாக அனுப்பினார். லண்டன் கோட்டையில் அது கட்டிவைக்கப்பட்டது. அதற்கும் அதன் காவலனுக்கும் நாளொன்றுக்கு நான்கு பென்னி தரவேண்டும் என்று நகர அதிகாரிகளுக்கு ஆணை பிறந்தது. பிறகு வாய்ப்பூட்டும் சங்கிலியும் வலிய கயிறும் வாங்கித்தரப் பணித்தார்கள். கரடி தேம்ஸ் ஆற்றில் இறங்கி மீன்பிடிக்கும்போது அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டுமல்லவா! கயிற்றின் ஒரு முனையில் காவலனும் மறுமுனையில் நீந்தும் கரடியுமாக அக்காட்சியைக் கண்ட லண்டன் மக்களே வெண்கரடியைக் கூடி நின்று பார்த்த முற்காலக் கூட்டங்களுள் ஒன்று எனலாம்.

இவ்விலங்கைத் தனி இனமென்று வகுத்து ‘கடற்கரடி’ என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரை அளித்தவர் கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ் என்னும் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி. அவர் 1773இல் மேற்கொண்ட வடதுருவப் பயணத்தைப் பற்றிய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அப்பயணத்தில் பதினான்கு வயதுச் சிறுவனாகக் கலந்துகொண்ட ஹொரேஷியோ நெல்சன், பனிப்பாளத்தின்மீது ஒரு கரடியைத் துரத்திச் சென்ற கதை பின்னாளில் ஓவியமாகவும் ஆயிற்று. 1907இல் ஹாம்பர்க் நகருக்கு அருகில் கார்ல் ஹாகன்பெக் திறந்த விலங்குக்காட்சிச் சாலையில் கம்பிகளுக்குப் பதிலாக அகழியும் செயற்கைப் பனிப்பாறையும் அமைக்கப்பட்டன. கூண்டு மறைந்துவிட்டதுபோல் தோன்றினாலும் கரடி அங்கேயேதான் இருந்தது. 2006இல் பிறந்து 2011இல் மடிந்த பெர்லின் நகரக் கரடிக்குட்டி ‘க்னூட்’ வரையில் இந்த மரபு நீள்கிறது. இவை எல்லாவற்றிலும் பொதுவான செய்தி ஒன்றுண்டு. கரடி மனிதனிடம் கொண்டுவரப்பட்டது. மனிதன் கரடியிடம் செல்லும் வழக்கம் அண்மைக்காலத்தது. அது வேரூன்றிய இடம் சர்ச்சில்.

கோட்டை, ரயில், ராணுவம்

1670இல் தோற்றுவிக்கப்பட்ட ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனி, தோல் வணிகத்திற்காக 1717இல் சர்ச்சில் ஆற்றங்கரையில் ஒரு வணிக நிலையத்தை நிறுவியது. 1731இல் அங்கே ஒரு கற்கோட்டையைக் கட்டத் தொடங்கி, நாற்பது ஆண்டுகள் கட்டினார்கள். 1782இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் லா பெரூஸ் வந்து நின்றபோது அக்கோட்டை ஒரு குண்டும் சுடாமல் சரணடைந்தது. சரணடைந்த கோட்டைத் தலைவர் சாமுவேல் ஹெர்ன். போர்வீரராக அவர் தோற்றிருக்கலாம். இயற்கையைக் கண்டு எழுதியவராக அவர் தோற்கவில்லை. அவர் மறைந்தபின் 1795இல் வெளிவந்த அவரது பயணநூலில் வெண்கரடியைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. குளிர்காலத்தில் ஆண்கரடிகள் நிலத்தை விட்டு நீங்கிப் பனிப்பரப்பின் விளிம்புக்குச் சென்று கடல்நாய்களைத் தேடும் என்றும், சூல்கொண்ட பெண்கரடிகள் காட்டோரத்தில் ஆழ்ந்த பனிக்குவியலைத் தோண்டி உள்ளே உணவின்றிக் கிடந்து, மார்ச் மாத இறுதியில் பெரும்பாலும் இரு குட்டிகளோடு கடலை நோக்கிப் புறப்படும் என்றும் அவர் எழுதினார். இன்றைய உயிரியலாளர் கருவிகளோடு கண்டறிந்ததன் சாரத்தை இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்ணால் கண்டு சொன்னவர் அவர்.

இருபதாம் நூற்றாண்டில் ஊரின் முகம் மாறியது. மேற்குச் சமவெளியின் கோதுமையைக் கப்பலேற்றும் நோக்கத்தோடு 1929இல் ரயில் பாதை வந்து சேர்ந்தது; 1931இல் துறைமுகம் திறக்கப்பட்டது. வின்னிபெக் நகரிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் ரயிலில் செல்லவேண்டும். இன்றுவரை ஊருக்குச் சாலைவழி இல்லை. 2017இல் வெள்ளம் தண்டவாளத்தை அரித்துச் சென்றபோது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் ரயிலின்றி ஊர் தவித்தது.

1942இல் அமெரிக்க ராணுவம் அங்கே தளம் அமைத்தது. போருக்குப் பின்னர் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து அதைக் குளிர்நாட்டுப் போர்ப்பயிற்சிக் களமாக ஆக்கின. 1957இல் வளிமண்டல ஆராய்ச்சிக்கு ராக்கெட் ஏவுதளமும் வந்தது. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தளத்திற்குக் குப்பைமேடு வேண்டும். குப்பைமேட்டுக்குக் கரடிகள் வந்தன. வந்த கரடிகள் பல சுடப்பட்டன. படைகள் 1960களில் வெளியேறின. தெற்கே யார்க் ஃபாக்டரி என்னும் பழைய வணிக நிலையமும் 1957இல் மூடப்பட்டது. கரையில் துப்பாக்கிகள் குறைந்தன, கரடிகள் மிகுந்தன. ஆனால் குப்பைமேடு அப்படியே இருந்தது.

அந்தக் குப்பைமேட்டைப் பற்றிப் பேசும்போது, சுற்றுலாக் கையேடுகள் விரைந்து கடந்துசெல்லும் ஒரு வரலாற்றைச் சொல்லாமல் விட இயலாது. 1956ஆம் ஆண்டு கனடா அரசு, உள்நாட்டில் துருவமான் கூட்டங்களைச் சார்ந்து வாழ்ந்த சயீசி டெனே என்னும் பழங்குடி மக்கள் ஏறத்தாழ 250 பேரை விமானத்தில் ஏற்றிச் சர்ச்சில் கரையில் கொண்டுவந்து இறக்கியது. மான்களின் எண்ணிக்கை அருகிவருகிறது, அதற்கு அவர்களது வேட்டையே காரணம் என்பது அதிகாரிகள் கூறிய நியாயம். வேட்டை நிலம் இல்லை, தக்க வீடுகள் இல்லை, வேலை இல்லை. குழந்தைகள் குப்பைமேட்டில் உணவு பொறுக்கினர். கரடிகள் எங்கே மேய்ந்தனவோ அங்கேதான் அவர்களும் தேடினர். அச்சமூகத்தைச் சேர்ந்த ஐலா பசிடோர் இணைந்து எழுதி 1997இல் வெளிவந்த ‘நைட் ஸ்பிரிட்ஸ்’ என்னும் நூல் அந்நாள்களைப் பதிவுசெய்கிறது. நோய், குடி, குளிர், தீ, வன்முறை ஆகியவற்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். எஞ்சியவர்கள் 1973இல் தாமாகவே கிளம்பி டடூல் ஏரிக்கரையில் புதுவாழ்வு தொடங்கினர். 2016இல் கனடா அரசு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

அதே 1973ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆஸ்லோ நகரில் கனடா, டென்மார்க், நார்வே, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய ஐந்து நாடுகள் வெண்கரடிப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பனிப்போரின் நடுவே கீழும் மேலும் ஒன்றுகூடிய அரிய உடன்படிக்கை அது; வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு விலங்குக்கு உலகம் அரண் அமைத்த ஆண்டிலேயே, அவ்விலங்கோடு ஒரே மேட்டில் உணவு தேடிய மக்கள் எவர் துணையுமின்றி ஊரைவிட்டு வெளியேறினார்கள் என்பதையும் சேர்த்தே நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

சிறையும் பெருவண்டியும்

1968இல் ஓர் இளம் மாணவர் சர்ச்சிலில் கரடியால் தாக்குண்டு இறந்தார். அதன்பின் கரடிக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஊருக்குள் வரும் கரடியைச் சுடுவதே பெரிதும் வழக்கமாயிருந்தது. 1980களில் நோக்கம் மாறியது. ராணுவம் விட்டுச்சென்ற கட்டடமொன்றில் கரடிகளை அடைத்துவைக்கும் அறைகள் அமைந்தன. ஊரார் அதைக் ‘கரடிச் சிறை’ என்கின்றனர். பிடிபட்ட கரடிக்கு அங்கே தண்ணீர் மட்டுமே தரப்படும், உணவு கிடையாது. கொடுமையாகத் தோன்றும் இவ்விதிக்குக் காரணம் உண்டு: மனிதர் இருக்கும் இடத்தில் உணவு கிடைக்கும் என்று ஒருமுறை கற்ற கரடி மீண்டும் மீண்டும் வரும், இறுதியில் சுடப்படும். சில வாரங்கள் கழித்து மயக்கமருந்து கொடுத்து, வலையில் கிடத்தி, ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு வடக்கே கொண்டுபோய் விடுவர். குப்பைமேடும் 2005இல் மூடப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்திற்கு ஓடி ஒளியட்டும் என்று கதவைப் பூட்டாமல் வைத்திருப்பது அவ்வூர் வழக்கம். அக்டோபர் 31ஆம் நாள் இரவு குழந்தைகள் வேடமிட்டு வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்கும்போது, துப்பாக்கி ஏந்திய காவலர் தெருமுனைகளில் நிற்பர்.

பார்வையாளர் வருகைக்கு வழி திறந்தவர் லென் ஸ்மித் என்னும் உள்ளூர்க்காரர். 1979இல் அவர் பெருஞ்சக்கரங்கள் பூட்டிய ‘டன்ட்ரா பக்கி’ என்னும் வண்டியை உருவாக்கினார். ஒளிப்படக் கலைஞர் டான் குராவிச் முதலியோர் அதில் ஏறிச் சென்றனர். 1982இல் நேஷனல் ஜியோகிராபிக் நிறுவனத்தின் தொலைக்காட்சிப் படம் இவ்வூரை உலகறியச் செய்தது. 1996இல் கரையின் தென்கிழக்கே கிரீ மொழிப்பெயர் தாங்கிய வாப்பஸ்க் தேசியப் பூங்கா அமைந்தது. ஒரு சிறு செய்தி நம் கவனத்தை ஈர்க்கிறது. இவ்வண்டிகள் ஓடும் தடங்கள் பலவும் அன்று ராணுவ ஊர்திகள் டன்ட்ரா நிலத்தில் பதித்துச் சென்றவையே. அந்நிலத்தில் பதிந்த தடம் எளிதில் அழிவதில்லை. போருக்குப் பழகியவர் போட்ட வழியிலேயே இன்று பார்க்க வந்தவர் செல்கிறார்.

அங்கே காணக்கிடைப்பது எது

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். அக்டோபர் மாதத்தில் கரடிகள் ஏன் அந்தக் கரையில் திரளுகின்றன?

வெண்கரடியின் வாழ்க்கை நிலத்தில் இல்லை. உறைந்த கடலின்மேல் இருக்கிறது. கடல்நாய் மூச்சுவிடப் பனியில் குடைந்து வைத்திருக்கும் துளையருகே மணிக்கணக்கில் அசையாமல் கிடந்து வேட்டையாடும் உயிர் அது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வளையக் கடல்நாய்கள் பனிக்கடியில் குட்டி ஈனும். அடுத்து வரும் சில வாரங்களில் உண்ணும் கொழுப்பே கரடிக்கு ஆண்டு முழுவதற்குமான சேமிப்பு. ஹட்ஸன் விரிகுடாவோ கோடையில் முழுவதும் உருகிவிடும் கடல். எனவே அங்குள்ள கரடிகள் ஜூலை அளவில் கரையேறுகின்றன. நவம்பரில் கடல் மீண்டும் உறையும்வரை ஏறக்குறையப் பட்டினி கிடக்கின்றன. பெர்ரிப் பழம், கடற்பாசி, பறவை முட்டை என்று கிடைத்ததைத் தின்றாலும் அவை அந்தப் பேருடலுக்குப் போதா. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை குறைகிறது. சூல்கொண்ட பெண்கரடியின் நோன்பு இன்னும் நீண்டது. வளையில் கிடந்து, முக்கால் கிலோகூட இல்லாத குட்டிகளை ஈன்று, தன் கொழுப்பையே பாலாக்கி ஊட்டி வளர்த்து, அவை நடக்கத் தொடங்கியபின் பனிக்கடலுக்கு இட்டுச் செல்லும்வரை, எட்டு மாதங்கள் அளவுக்கு அது உண்பதில்லை.

ஆறுகள் கொண்டுவரும் நன்னீராலும், இடஞ்சுழியாகச் சுற்றிவரும் நீரோட்டத்தாலும் விரிகுடாவின் மேற்குக் கரையோரத்தில் பனி முந்தி உறைகிறது. சர்ச்சிலை ஒட்டிய முனையில் நின்றால் முதல் பனியில் கால்வைக்கலாம் என்பதைக் கரடிகள் அறியும். ஆகவே வந்து நிற்கின்றன. ஆண்கரடிகள் பின்னங்காலில் நிமிர்ந்து ஒன்றையொன்று தள்ளி விளையாட்டாக மல்லாடும் காட்சி பார்வையாளர் பெரிதும் விரும்புவது. பட்டினியின் இறுதி வாரங்களில் பொழுது போக்கும் உயிர்களின் விளையாட்டு அது. பார்வையாளர் காண்பது கரடியின் வாழ்க்கையை அன்று. அவ்வாழ்க்கை தொடங்குவதற்காக அது காத்திருப்பதை. முல்லைத் திணையின் உரிப்பொருளாகிய ‘இருத்தல்’ என்னும் சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் இக்கரை இப்போது நம் நினைவுக்கு வருகிறது. அங்கும் பருவத்தின் வரவை நம்பித்தான் உயிர் ஆற்றியிருக்கிறது.

பருவம் சொன்ன நாளில் வராவிட்டால்? இயன் ஸ்டர்லிங், ஆண்ட்ரூ டெரோஷர் ஆகிய கனடிய அறிஞர்கள் 1993இலேயே அந்த அச்சத்தை எழுத்தில் வைத்தனர். 1980களோடு ஒப்பிட இன்று மேற்கு ஹட்ஸன் விரிகுடாக் கரடிகள் மூன்று, நான்கு வாரங்கள் கூடுதலாக நிலத்தில் தங்க நேர்கிறது. 1987இல் ஏறத்தாழ 1,200 என்று மதிப்பிடப்பட்ட அவற்றின் தொகை 2016இல் 842 ஆகவும் 2021இல் 618 ஆகவும் குறைந்தது. சில கரடிகள் தெற்கே அண்டைப் பகுதிக்கு நகர்ந்திருக்கலாம் என்பதையும் ஆய்வாளர்கள் மறுக்கவில்லை. கோடையில் நிலத்திலேயே இரைதேடிப் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் தளர்ந்துவிட்டது. கழுத்தில் கருவி பூட்டி 20 கரடிகளைக் கவனித்து 2024இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 19 கரடிகள் எடை இழந்திருந்தன.

வடக்கே நூனவுட் பகுதியின் இனூயிட் ஊர்களில் குரல் வேறாக ஒலிக்கிறது. கரடிகள் குறையவில்லை, எங்கள் வாசலுக்கு முன்னைவிட மிகுதியாக வருகின்றன என்கின்றனர் அவர்கள். 2018இல் ஆர்வியட் ஊரைச் சேர்ந்த ஒருவர் தம் குழந்தைகளைக் காக்கக் கரடிக்கு எதிரே நின்று உயிர்விட்டார். தாம் அளவோடு வேட்டையாடுவதைத் தொலைதூர நகரத்தார் பழிப்பது அவர்களுக்கு வலிக்கிறது. அறிவியலின் எண்களையும் வாசலில் நிற்பவரின் சொல்லையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்றே நாம் எண்ணுகிறோம். பனியின்றிக் கரையில் நெடுநாள் அலையும் கரடி, தொகையில் குறைந்தும் கண்ணுக்கு மிகுந்தும் தோன்றக்கூடும்.

சர்ச்சில் பயணத்தின் முரணும் இதுவே. பனி உறையத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பார்வையாளருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் காட்சி நாள். கரடிக்கோ கூடுதலான பட்டினி நாள். அழியுமுன் பார்த்துவிட வேண்டும் என்று நெடுந்தூரம் பறந்து வரும் விமானத்தின் புகையும் அத்தாமதத்தில் தன் சிறு பங்கைச் சேர்க்கிறது. வண்டி அருகில் வரும்போது, ஓய்ந்து கிடக்கும் ஆண்கரடிகள் தலைதூக்கிப் பார்ப்பது மிகுகிறது என்று 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. ஆனால் மறுபக்கமும் உண்டு. பார்வையாளர் தரும் வருவாய்தான் கரடியைச் சுடும் ஊரைக் கரடியைக் காக்கும் ஊராக மாற்றத் துணைநின்றது. டான் குராவிச் தொடங்கிவைத்த அமைப்பு இன்று உலகளாவிய கரடிப் பாதுகாப்பு நிறுவனமாக வளர்ந்துள்ளது. கண்ணால் கண்டவர் எல்லாரும் மறந்துவிடுவதில்லை.

ஆதலால் பயணம் செல்வோரைப் பழிக்க நாம் இதை எழுதவில்லை. லண்டன் மக்கள் கண்டது கயிற்றில் கட்டிய கரடியை. சர்ச்சிலில் கயிறு இல்லை. ஆனால் உறையாத கடல் அக்கரடியை அதே உறுதியோடு கரையில் கட்டிவைத்திருக்கிறது. அந்தக் கட்டின் மறுமுனை அங்கு போகாத நம் கைகளிலும் இருக்கிறது. பார்க்கச் செல்பவர் இதை அறிந்து பார்த்தால் போதும்.

நவம்பரில் ஒரு நாள் வடகாற்று வீசும். கரையோர நீர் வெண்மையாகி இறுகும். ஹெர்ன் கண்டெழுதியபடியே கரடிகள் ஒவ்வொன்றாக நிலத்தை விட்டு நீங்கும். வண்டிகள் வெறுமனே திரும்பும். விருந்தினர் விடுதிகள் அடங்கும். பார்ப்பதற்கு அங்கே ஒரு கரடியும் இல்லாத அந்த நாள்தான் சர்ச்சிலுக்கு நல்ல நாள். அது ஆண்டுதோறும் காலந்தவறாது வரவேண்டும் என்பதே நம் வேண்டுதல்.